மலைக்குக் கீழே ஒரு பெண்பள்ளி



தலைப்பைப் பார்த்துவிட்டுத் திரையில் படம் காட்டுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இடிந்த மதில் இல்லை, தூண் வரிசை இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் துறவு பூண்ட சமணப் பெண்கள் கூட்டமாக வாழ்ந்தார்கள், படித்தார்கள், படிப்பித்தார்கள். அவர்கள் இருந்த இடங்களில் நம் கைக்கு வந்தவை பாறை மேல் வெட்டிய சில வரிகளும், சில திருமேனிகளும், ஒரு கிணற்றைப் பற்றிய செய்தியும்தான். இந்தச் சொற்பச் சரக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசப் போகிறேன்.

கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஆர்க்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கம் என்று ஓர் ஊர். முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது 945 வாக்கில், அங்கே ஒரு பெண் கிணறு வெட்டுவித்தார். பட்டினிக் குரத்தி அடிகள் என்று அவருக்குப் பெயர். பக்கத்திலிருக்கும் திருப்பான்மலையில் இருந்த அரிட்டநேமி படாரர் என்ற சமணத் துறவியின் மாணாக்கி. இன்று பஞ்சபாண்டவ மலை என்று சொல்கிறோமே, அதுதான் திருப்பான்மலை. கிணற்றோடு ஒரு வீடும் சேர்த்துப் பெண்பள்ளியாக விடப்பட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருபத்துநான்கு பேரிடம் கொடுக்கப்பட்டது.

அடிகள் என்ன பெயர் வைத்துக்கொண்டார் பாருங்கள். பட்டினி! நோன்பிருந்து உடலை ஒடுக்குவது சமணத் துறவின் உயிர்நாடி. தெற்கே கழுகுமலைக் கல்வெட்டுகளில் பட்டினி படாரர் என்ற பெயரும் உண்டு, மோனி படாரர் என்ற பெயரும் உண்டு. பேசாமல் இருப்பவர் மோனி, உண்ணாமல் இருப்பவர் பட்டினி. அப்படி வயிற்றைக் காயப்போட்டவர் ஊருக்குள் வந்து மற்றவர்கள் குடிக்கத் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார். சமணத் துறவிகள் தம் கையால் மண்ணைத் தோண்டக் கூடாது. மண்ணுக்கும் உயிர் உண்டு, மண்ணுக்குள்ளும் உயிர்கள் உண்டு. தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் தொடமாட்டார்கள். ஆகவே மண்வெட்டி பிடித்தவர் வேறு யாரோ. ஆனால் கல்லில் பெயர் ஏறியது குரத்திக்கு.

இந்தக் குரத்தி என்ற சொல்லைப் பற்றி ஒரு நிமிடம். மேடையில் நான் சொல்லும்போது உங்களில் பாதிப் பேர் காதில் வள்ளி விழுந்திருப்பாள். அந்தக் குறத்திக்கு வல்லின ற. இவருக்கு இடையின ர. குரவர் என்றால் ஆசிரியர், பெரியவர். அதற்குப் பெண்பால் குரத்தி. ஆசிரியை என்று இன்று சொல்கிறோமே, அதற்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த சொல் இருக்கிறது. அதோடு விடவில்லை. குரத்தியார், குரத்திகள், குரத்தி அடிகள் என்று மரியாதை விகுதி போட்டுத்தான் எழுதினார்கள். ஒருமையில் வெறுமனே குரத்தி என்று விட்டுவிட அந்தக் காலத்து ஆளுக்குக் கை வரவில்லை.

பள்ளி என்ற சொல்லைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். படுக்குமிடம், துறவியர் இருக்குமிடம், பிறகு படிக்குமிடம் என்று அது வந்த கதையை மேடைதோறும் சொல்கிறார்கள். நான் அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. என் கவலை வேறு. சமணப் பள்ளி என்றதுமே நாம் மலையைத்தான் பார்க்கிறோம். குகைத்தளம், கற்படுக்கை, மழைநீர் உள்ளே வழியாமல் பாறை நெற்றியில் வெட்டிய காடி, பக்கத்தில் சுனை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இப்படிப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் பெண்பள்ளி விஷயத்தில் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிட்டது என்பது என் எண்ணம். அவர்களை மலையில் தேடினோம். அவர்கள் ஊருக்குள் இருந்தார்கள்.

விளாப்பாக்கத்துச் செய்தியையே திரும்பப் பாருங்கள். குரு இருந்தது திருப்பான்மலையில். மாணாக்கி பெண்பள்ளி வைத்தது மலையில் இல்லை, கீழே குடியிருப்பில், ஒரு வீட்டில், கிணற்றடியில். திகம்பரத் துறவியருக்கான பழைய ஒழுக்க நூலான மூலாசாரம், பெண் துறவியர் தனியே திரியக் கூடாது, மூவராகவோ ஐவராகவோ எழுவராகவோ சேர்ந்தே போக வேண்டும் என்கிறது. ஆண் துறவி ஆடையையும் துறந்தவர், பாறைமேல் தனியே கிடக்கலாம். பெண் துறவிக்குச் சேலை உண்டு. அதை அலச வேண்டும், உலர்த்த வேண்டும். கூட நாலு பேர் வேண்டும். கவுந்தியடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தில் அவர் பள்ளி எங்கே இருக்கிறது? புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் காவிரிக் கரையோடு நடந்து வருகிற வழியில், சோலைக்குள். வழிப்போக்கர் காலில் தட்டுப்படுகிற தூரத்தில்தான் காப்பியப் புலவரும் பெண்பள்ளியை வைத்திருக்கிறார்.

இப்போது வேடலுக்குப் போவோம். இன்றைய பேச்சின் நடுத்தூண் இந்த ஊர்தான்.

வந்தவாசி வட்டாரத்து ஊர் அது. கல்வெட்டில் விடால் என்று இருக்கிறது. மாதேவி ஆரந்திமங்கலம் என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. சிங்கபுர நாட்டைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கிறது. ஊரையடுத்து ஆண்டிமலை என்று ஒரு சிறு குன்று. அதில் இயற்கையாக அமைந்த குகைத்தளமும் முன்பக்கம் பிற்காலத்தில் கட்டிய மண்டபமும் உண்டு. பொன்னூர் மலை, மேல்சித்தாமூர் மடம் என்று இன்றும் தமிழ்ச் சமணர்கள், அதாவது நயினார்கள், வேரோடியிருக்கிற பகுதிதான் இது. பழைய சமணத்தின் சுவடு மட்டும் மிஞ்சிய பாண்டி நாட்டுக் குன்றுகளிலிருந்து வந்தவாசிப் பக்கம் வேறுபடுவது இங்கேதான். இங்கே கல்வெட்டும் இருக்கிறது, அந்தச் சமயத்தார் வீடும் இருக்கிறது.

பாறைக் கல்வெட்டு இராசகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. முதலாம் ஆதித்த சோழன் என்று கொள்கிறார்கள். அப்படியென்றால் 885 வாக்கு. பல்லவர் கை தளர்ந்து சோழர் கை ஓங்கிய நேரம். அரசர்கள் தொண்டை நாட்டுக்காக மோதிக்கொண்டிருந்தபோது விடாலில் நடந்தது வேறொரு சண்டை.

குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார். அவரிடம் பயின்ற பெண்பிள்ளைகள் 500 பேர். இவர்களுக்கும் 400 பேர் கொண்ட தவசிகள் கூட்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஊரார் கூடினார்கள். கனகவீரக் குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் நாங்கள் காத்துச் சோறிடுவோம் என்று ஏற்றுக்கொண்டு அதைப் பாறையில் வெட்டிவைத்தார்கள். செய்தி இவ்வளவுதான்.

இதில் எனக்கு முதலில் படுவது, சண்டை வந்ததால்தான் நமக்குத் தெரிந்தது என்பது. எல்லாரும் ஒற்றுமையாக இருந்து, பிள்ளைகள் ஒழுங்காகப் பாடம் கேட்டு, வேளைக்குச் சோறு கிடைத்திருந்தால் கல்தச்சனைக் கூப்பிட அவசியமே வந்திருக்காது. கனகவீரக் குரத்தியார் என்ற பெயரே மறைந்து போயிருக்கும். எத்தனை ஊரில் இப்படிச் சண்டையில்லாமல் மறைந்து போனார்களோ!

அடுத்தது எண்ணிக்கை. 500 என்பதைத் தலையெண்ணிச் சொன்ன கணக்காக நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் ஐந்நூற்றுவர் என்பது கூட்டத்துக்கு வைக்கும் பெயரும் ஆகும். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவில் எப்போதும் சரியாக ஐந்நூறு பேர் இருந்தார்கள் என்று யாரும் நம்புவதில்லை. நானூற்றுவருக்கும் இது பொருந்தும். ஆனால் பாதியாகவே குறைத்துக்கொண்டாலும் அது சின்னக் கூட்டம் ஆகிவிடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 பேருக்கு 250 கிலோ. வருஷத்துக்கு 91 டன்னுக்கு மேல். இது அரிசி, நெல்லாகக் கணக்கிட்டால் இன்னும் கூடும். பட்டினி நோன்புகளைக் கழித்துக்கொள்ளுங்கள், ஒருவேளை உணவு என்று இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், ஆளை இருநூற்றைம்பதாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு தொண்டை நாட்டு ஊர் தூக்கச் சிரமப்படும் சுமைதான். அதிலும் சமணத் துறவிக்கு அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வீடுவீடாகப் போக வேண்டும். வீட்டார் தங்களுக்கென்று சமைத்ததில் ஒரு கை வாங்கிக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது. நூறு வீடு இருக்கிற ஊரென்றால் வீட்டுக்கு நாள்தோறும் ஐந்து பேர். இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும்? தத்துவச் சண்டை என்று நினைத்துக்கொள்ள நமக்கு ஆசையாக இருக்கும். சோற்றுச் சண்டையாக இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தீர்ப்பே சோற்றைப் பற்றித்தானே வந்திருக்கிறது.

இன்னொன்று. இந்தப் பாறையில் காப்பது அரசன் இல்லை. இந்தப் பெண்களுக்குப் பொறுப்பேற்றது, அவர்கள் தினமும் வந்து நிற்கும் வாசல்களுக்குச் சொந்தக்காரர்கள். விளாப்பாக்கத்தில் 24 பேர், விடாலில் ஊரே. ஆண்டிமலைக் குகைத்தளத்தில் ஐந்நூறு பெண்கள் படுத்திருக்க முடியாது. நெருக்கி உட்கார்ந்தால்கூட முடியாது. கல்வெட்டு குன்றில் இருப்பதால் பள்ளியையும் குன்றிலேயே வைத்துப் பேசிவிட்டார்கள். சாசனத்தைப் பாறையில் வெட்டியது, பாறை அழியாது என்பதற்காக. குடியிருந்தது கீழே, மண் சுவருக்கும் ஓலைக் கூரைக்கும் அடியில். அந்தச் சுவரும் கூரையும் எப்போதோ கரைந்து வயலாகியிருக்கும்.

தெற்கே வந்தால் காட்சி மாறுகிறது. கழுகுமலையில் வெட்டுவான்கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். 8, 9ஆம் நூற்றாண்டு வேலை. ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே வட்டெழுத்தில், இன்னார் செய்வித்த திருமேனி என்று இருக்கும். நூறு அளவுக்கு இப்படிச் சின்னச் சின்னக் கல்வெட்டுகள். அங்கே குரத்திகள் நிறைய: திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள், பேரூர்க் குரத்திகள். பெயரெல்லாம் ஊர்ப்பெயர். இவர்கள் கழுகுமலையில் வாழ்ந்தவர்கள் என்று சொல்ல இந்தப் பெயர்களே இடம் தரவில்லை. திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால். நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மழைக்காலம் முடிந்து நடந்து வந்திருப்பார்கள், மூவராகவோ ஐவராகவோ. வந்து, ஒரு திருமேனி செய்வித்துப் பெயர் வெட்டிவிட்டுத் திரும்பியிருப்பார்கள். ஆக அந்தப் பாறையை நான் பள்ளியின் எச்சமாகப் பார்ப்பதில்லை. பல பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடாகப் பார்க்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு குரத்தியின் ஊரும் நாம் போய்த் தேட வேண்டிய ஓர் இடம்.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு சுவையும் உண்டு. மிழலூர்க் குரத்திகள் யார்? பேரூர்க் குரத்திகளின் மாணாக்கி. குருவும் பெண், சிஷ்யையும் பெண். நால்கூர்க் குரத்திகளோ அமலநேமி படாரரிடம் பாடம் கேட்டவர். இந்தக் குரத்திகளிடம் பாடம் கேட்டவர்களில் நாட்டிக படாரர் என்று ஓர் ஆண் துறவி உண்டு. பெண்ணைத் தன் ஆசிரியராகக் கல்லில் எழுதிக்கொள்ள அந்த மனிதருக்குக் கூச்சம் இல்லை. கோயில் கல்வெட்டுகளில் வரும் பெண்களைப் பெரும்பாலும் இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று தேடிப் பிடிக்கிறோம். குரத்திகளைத் தேடிப் பிடிக்க இரண்டே கேள்வி: எந்த ஊர், யாரிடம் படித்தவர். லெஸ்லி ஓர் என்ற அறிஞர் சமணப் பெண்களையும் கோயில் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய பிறகு இந்த வேறுபாடு ஆய்வாளர் கண்ணில் நன்றாகப் பட்டிருக்கிறது. பேரூர்க் குரத்திகளுக்குத் தகப்பன் பெயரும் சேர்த்தே எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதி என்று ஒன்றைச் சொன்னால் பாறை எங்காவது அதை மீறித்தான் இருக்கும்.

சிதறாலில் இன்னும் ஒரு புதிர். சொக்கன்தூங்கி மலை என்று அங்கே சொல்கிற குன்றில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆண்டில் குணந்தாங்கிக் குரத்திகள், பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி, அங்கிருந்த பகவதிக்குப் பொன்னணி கொடுத்தார். எல்லாவற்றையும் துறந்தவர் கையில் பொன் எப்படி வந்தது? விளாப்பாக்கத்தில் கிணறும் வீடும் எப்படி வந்தன? போலித் துறவு என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஊர்ப் பெண்கள் தங்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றி யாரிடம் கொடுத்தார்களோ அவர் பெயரில்தான் அது கல்லேறும். குரத்தி அந்தப் பொன்னை வைத்துக்கொண்டவர் இல்லை; கைமாற்றியவர். இன்றும் கோயில் திருப்பணிக்கு ஊரில் எல்லாரும் நம்புகிற ஒரு பாட்டியிடம்தானே பணத்தைக் கொடுத்து வைக்கிறோம்! குணந்தாங்கியார் அணி பூட்டிய குன்று, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி கோயிலாகிவிட்டது. சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகை இயக்கி இன்றும் பாறையில் இருக்கிறாள்.

தமிழ்நாட்டில் மட்டும் ஏன் இத்தனை குரத்திகள்? 1957இல் வெளிவந்த தம் நூலில் பி.பி. தேசாய் இந்தக் கேள்வியை எழுப்பி, யாபனீயர் என்ற சமணப் பிரிவைச் சுட்டினார். பெண்ணாய்ப் பிறந்தவர் அந்தப் பிறவியிலேயே வீடுபேறு அடைய முடியாது என்பது திகம்பரர் கொள்கை. யாபனீயர் முடியும் என்றார்கள். அவர்கள் செல்வாக்கு இங்கே இருந்திருக்கலாம் என்பது தேசாயின் வாதம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கொள்கை ஒன்று சொல்லும், ஊர் ஒன்று செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. கர்நாடகத்துச் சரவணபெளகொளாவில் பெண் துறவியர் பெயர் இல்லாமலா போயிற்று? நாகமதி கந்தியார் போன்றவர்கள் அங்கே பாறையில் இருக்கிறார்கள், நோற்று உயிர்விட்ட செய்தியோடு. அங்கே சாவு பதிவானது. இங்கே பாடம் சொன்னதும், பொன் கொடுத்ததும், கிணறு வெட்டியதும், சண்டை போட்டதும் பதிவாகியிருக்கின்றன. கந்தியார் என்றதும் சீவக சிந்தாமணி ஞாபகம் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை: அந்தக் காப்பியத்தில் கந்தியார் சேர்த்தவை என்று சில செய்யுள்களை நச்சினார்க்கினியர் காலத்திலேயே தனியே பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பெண் துறவி பெருங்காப்பியத்தில் கை வைத்திருக்கிறார்! அதை இன்னொரு நாள் பேசலாம்.

கடைசியாக, தேடுவதைப் பற்றி. ஊருக்குள் இருந்த பெண்பள்ளி மண்ணுக்கடியில் எப்படித் தட்டுப்படும்? அரண்மனை மாதிரி அடித்தளம் கிடைக்காது. ஒரு கிணறு, அதைச் சுற்றி அந்தக் காலத்துச் செங்கல், கூரை ஓடு, மூக்கு வைத்த கெண்டிச் சில்லுகள், தண்ணீர் வடிகட்டும் பானை ஓடுகள் கிடைக்கலாம். அத்தனை பேர் இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பல் மிகக் குறைவாக இருந்தால் அதுவே பெரிய தடயம். சமைக்காத வீடு! சாதாரணக் குடியிருப்பில் அகழ்வாய்வாளர் முதலில் தேடுவது அடுப்பைத்தான். இங்கே அடுப்பு இல்லாததைத் தேட வேண்டும்.

அகழ்வாய்வுக்குக் காசும் அனுமதியும் வேண்டும். நம் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒன்று உண்டு. வந்தவாசி, ஆர்க்காடு, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறவர்கள் கேளுங்கள். பழைய கிணறு தூர்வாரும்போதும், ஏரி மதகு பிரிக்கும்போதும், துவைகல்லாகக் கிடக்கும் பலகைக் கல்லைப் புரட்டும்போதும் எழுத்துக் கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பூசாதீர்கள், சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள். கைப்பேசியை எடுத்துச் சாய்வெயிலில், காலையிலோ மாலையிலோ, பக்கவாட்டில் நின்று படம் எடுங்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. மைப்படி எடுக்கத் தெரிந்தவர் பின்னால் வந்துகொள்வார்.

படிக்க முயன்று பார்க்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. அந்தக் காலத் தமிழ் எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். ர என்ற எழுத்தும் நாம் இன்று போடும் காலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் குரத்தி என்பது முதல் பார்வைக்குக் கு, பிறகு ஒரு கால், பிறகு ததி என்று உளறலாகத் தெரியும். சிதைந்த கல் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்காதீர்கள். அந்தக் காலைக் கொஞ்சம் சின்ன ர ஆக்கிப் படித்துப் பாருங்கள்.